உண்டியல் காசு

அந்தத் தாள்களில் புகையிலை மணக்கும். போர்க்கால வழிச் சோதனைகளுக்குப் பயந்து பணத்தைப் புகையிலைக் கட்டுக்குள் மறைத்துக்கொண்டு, மாதத்தில் ஒருநாள் மத்தியான வெயிலில் உண்டியல்காரர் சைக்கிளில் வட்டுக்கோட்டைக்கு வருவார். ஜேர்மனியில் வேலைசெய்த அண்ணை அங்கே யாரிடமோ காசைக் கொடுக்க, இங்கே இவர் அதை ரூபாயாக அம்மாவின் கையில் கொடுப்பார். அதற்குத்தான் ஊரில் "உண்டியல்" என்று பெயர். நாங்கள் கிறிஸ்தவர்கள், எட்டு வயதில் எனக்குத் தெரிந்த ஒரே உண்டியல் பக்கத்துக் கோயில் வாசலில் இருந்த பெட்டி. "அண்ணை சாமியின்ரை காசையோ எடுக்கிறார்?" என்று நான் கேட்டபோது, அரிசி புடைத்துக்கொண்டிருந்த அம்மா சுளகைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள்.

பிறகு அண்ணையின் கடிதங்கள் நின்றுபோயின. பணம் மட்டும் தவறாமல் வந்தது. ஐந்தாவது மாதம் அம்மா கை நீட்டவில்லை.

"கடிதம் இல்லையோ தம்பி?"

"இல்லை அக்கா. உண்டியல் மட்டும்தான்."

"அப்ப உந்தக் காசைக் கொண்டு போங்கோ. அவன்ரை கையெழுத்திலை ரெண்டு வரி வரட்டும், பிறகு வாங்கிறன்."

அவர் காசைத் திரும்பவும் புகையிலைக் கட்டுக்குள் செருகிவிட்டுச் சைக்கிளைத் திருப்பினார். அதன்பின் ஏழு வாரம் மரவள்ளிக் கிழங்கை அவித்துத் தின்றோம்.

கடைசியில் கடிதம் வந்தது. எழுத்துகள் முதலாம் வகுப்புப் பிள்ளை எழுதியதுபோல் சரிந்து கிடந்தன. "அம்மா, வலக்கை மெசினில் அகப்பட்டு மூன்று விரல்கள் போய்விட்டன. இடக்கையால் எழுதிப் பழகுகிறேன். காசு நின்றால் பயப்படுவீர்கள் என்று, கூட இருக்கும் பொடியன்களிடம் கடன் வாங்கி அனுப்பினேன்."

அம்மா அதை மடித்து வேதப்புத்தகத்துக்குள் வைத்தாள். "இனி அனுப்ப வேண்டாம் எண்டு எழுது பிள்ளை" என்றாள். எழுதினேன். அது போய்ச் சேர்ந்ததோ தெரியாது. அடுத்த மாதமும் உண்டியல் வந்தது. வீட்டில் அரிசி இருக்கவில்லை. அம்மா வாங்கினாள்.

வளர்ந்தபின் அந்தச் சொல்லைத் தேடிப் பார்த்தேன். பணத்தைச் சுமந்து திரியாமல், "இன்னாருக்கு இவ்வளவு கொடு" என்று வடநாட்டு வணிகர்கள் எழுதிக் கொடுத்த கடிதம்தான் "ஹுண்டி". தமிழில் அது உண்டியலாயிற்றாம். காசுக்கு முன்னால் அது ஒரு கடிதமாகத்தான் இருந்திருக்கிறது.

இப்போது அம்மா இல்லை. சைக்கிளில் வந்தவர் எங்கே போனாரோ தெரியாது. வங்கியில் பணம் விழுந்ததும் கைபேசி ஒருமுறை ஒலிக்கிறது, அவ்வளவுதான். அறுபது கடந்த அண்ணை இன்னமும் மாதாமாதம் அனுப்புகிறார். வேண்டாம் என்று சொல்லிச் சொல்லி நானும் களைத்துப்போனேன்.