வாயை மூடிக்கொண்டு இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தது

என்னால் ஓரிடத்தில் உட்கார முடியாது. பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்த காலத்திலிருந்தே அப்படித்தான். இப்போது கேரள எல்லையில் செங்கல் என்கிற ஊரில், எங்கள் சபை ஆலயத்தை ஒட்டிய ஹாலில் பெரியவர்களுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கிறேன். அங்கேயும் ஜன்னலுக்கும் போர்டுக்கும் நடுவே நடைதான். "டீச்சரே, ஒரு இடத்துல இரிங்க, எங்களுக்குத் தல கறங்குது" என்று முன் பெஞ்சுக்காரர்கள் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனார்கள். கால் இப்படியென்றால் வாய் அதைவிட மோசம். யாராவது ஒரு வாக்கியத்தைத் தப்பாகத் தொடங்கினால், அவர்கள் முடிக்கும்வரை எனக்குப் பொறுக்காது. பாதியிலேயே வெட்டி, திருத்திக் கையில் கொடுத்துவிடுவேன்.

வருகிறவர்கள் எல்லாம் வெளிநாட்டு வேலையை நினைத்து வருகிறவர்கள். சேர்ந்து சொல்லச் சொன்னால், ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் வேதப்புத்தகச் சங்கீதம் வாசிக்கிற மாதிரி ஹாலே அதிரும். ஒருவரைத் தனியாக எழுப்பி நிறுத்தினால் தரையைப் பார்ப்பார்கள். எனக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வரும். "வாய் மிண்டாம இருக்கதுக்கு வீட்டுல இடமில்லியா? இவ்வளவு தூரம் வரணுமா?" என்று கத்துவேன். அதற்கப்புறம் மூச்சுச் சத்தம்கூடக் கேட்காது.

அவர்களில் ஒருத்தியைப் பற்றித்தான் எனக்குப் பெரிய கவலை. குமரி மாவட்டத்து விளவங்கோடு பக்கத்திலிருந்து கல்யாணம் கட்டி இங்கே வந்தவள். நெய்யாற்றின்கரையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்சுகளுக்கு உதவியாள். வீட்டுக்காரர் தென்னையிலிருந்து விழுந்து, இடுப்பு போய், வேலைக்குப் போக முடியாமல் கிடந்தார். வெளிநாட்டில் ஒரு முதியோர் இல்லத்தில் அவளுக்கு வேலை கிடைக்க வழி இருந்தது. அங்குள்ள மேட்ரன் வீடியோவில் பேசிப் பார்த்து முடிவு சொல்வார். இதில் தோற்றால் இனி உன்னை எங்கேயும் அனுப்ப மாட்டேன் என்று ஏஜென்சிக்காரர் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். அந்த வீடு முழுக்க அந்த ஒரு பேச்சை நம்பி இருந்தது. இவளோ வகுப்பில் வாயைத் திறப்பாள், நான் திருத்துவேன், உடனே மூடிக்கொள்வாள். நாள் நெருங்க நெருங்க எனக்குத் தூக்கம் கெட்டது.

ஒரு நாள் ரேஷன் கடையில் அவளைப் பார்த்தேன். விரல் வைக்கும் மெஷின் அவள் விரலை ஏற்கவில்லை. ஆஸ்பத்திரியில் மருந்து போட்டுக் கழுவிக் கழுவி ரேகை தேய்ந்திருந்தது. இன்னொரு நாள் வரச் சொன்னார் கடைக்காரர். அவ்வளவுதான், பிடித்துக்கொண்டாள். "சேட்டா, ஞான் காலையிலே வந்நு! விரல் தேஞ்சு போச்சு, ஞான் எந்து செய்யும்?" என்ன மலையாளம் அது! பாதி தமிழ், மீதி இவளே உண்டாக்கியது. ராகம் முழுக்க விளவங்கோடு. எனக்கு அங்கேயும் திருத்த வாய் துறுதுறுத்தது, கேட்டுக்கோங்க. கடைக்காரர் என்னவோ வேகமாகச் சொன்னார். இவள் கொஞ்சமும் கூசாமல், "அது மனசிலாயில்ல, மெல்ல பற" என்றாள். அவர் மெல்லச் சொன்னார். விரலுக்குப் பதிலாகப் போனுக்கு ரகசிய நம்பர் வந்தது, அதைச் சொன்னதும் அரிசியும் வந்தது.

பையைத் தூக்கிக்கொண்டு இரண்டு பேரும் நடந்தோம். "உனக்கு மலையாளம் யாரு படிப்பிச்சா?" என்று கேட்டேன்.

"ஆரு படிப்பிக்கதுக்கு? கெட்டிக்கிட்டு வந்தாச்சு, பேசாம முடியுமா? பேசினேன்."

"முழுசும் தப்பாக்கும் மக்கா."

"தப்புதான். ஆனா அரிசி கிட்டிச்சு இல்லியா?" என்று சிரித்தாள். "உங்க கிளாசுல அரிசி கிட்டல்ல டீச்சரே. திருத்து மட்டும்தான் கிட்டுது."

சுருக்கென்றது. வீடு போய்ச் சேரும்வரை அவளை மனதுக்குள் திட்டிக்கொண்டே போனேன். பெரிய இவள்! ஆனால் ராத்திரி சோறு தின்னும்போதும் அந்தப் பேச்சு விடவில்லை. இந்த எல்லையில் இருக்கிற நாங்கள் எல்லாருமே தேவைக்காக இன்னொரு பாஷையை வாயில் போட்டுக்கொண்டவர்கள்தான். யாரும் எங்களை நிறுத்தித் திருத்தவில்லை. சொன்னதற்குப் பதில் சொன்னார்கள், கேட்டதைத் தந்தார்கள். அப்படித்தான் வந்தது.

அடுத்த வகுப்பில் போர்டைத் துடைத்துவிட்டு, கொண்டுபோன கஞ்சியையும் ஸ்பூனையும் பக்கத்தில் வைத்து, பெஞ்சில் போய்ப் படுத்துக்கொண்டேன். "நான் ஒரு கிழவி. கஞ்சி குடிக்க மாட்டேன். மனசிலாகுத மாதிரி சொன்னா கேப்பேன், இல்லேன்னா கேக்க மாட்டேன். இங்கிலீஷ்ல மட்டும்" என்றேன். திருத்துவதெல்லாம் கடைசியில்தான், அதுவும் பொருள் மாறிப்போகிற தப்பை மட்டும். இதைச் சொன்னதும் அவள் கைப்பையிலிருந்து ஆஸ்பத்திரி பிளாஸ்திரியை எடுத்து, "வாயில ஒட்டட்டா டீச்சரே?" என்றாள். ஹாலே சிரித்தது. அந்தச் சிரிப்போடுதான் அவள் வாய் திறந்தது, முதல் ஆளாகக் கஞ்சி ஊட்டவும் வந்தாள். பிடிவாதத்துக்கு எனக்குச் சொல்லியா கொடுக்க வேண்டும்? தலையைத் திருப்பினேன், ஸ்பூனைத் தட்டிவிட்டேன். அவளுக்கு நிஜமாகவே கோபம் வந்துவிட்டது. "வொய் நாட் டிரிங்கிங்? யுவர் டாட்டர் கம், யூ தின், ஷீ ஸ்கோல்ட் மீ!" என்று இரைந்தாள். நான் மெலிந்துபோனதைப் பார்த்து என் மகள் அவளைத் திட்டுவாளாம். திருத்த வந்த நாக்கை அடக்கிக்கொண்டு கஞ்சியைக் குடித்தேன். உப்பே இல்லை.

இப்படியே ஒவ்வொருவரும் என்னைக் குளிப்பாட்டினார்கள், திருப்பிப் போட்டார்கள், மாத்திரை தந்தார்கள். புரியாவிட்டால் மெல்லச் சொல்லச் சொல்லிக் கேட்பதற்கும் பழக்கினேன். அது ரேஷன் கடையில் நான் படித்த பாடம்.

மேட்ரன் பேசிய நாளில் ஹாலில்தான் அவளை உட்கார வைத்தோம். அவள் வீட்டில் சிக்னல் கிடைக்காது. யாரும் உடன் இருக்கக் கூடாது என்பதால் நான் வெளியே போனேன். ஆலயத்தைச் சுற்றி நடந்தேன், திரும்பி வந்து ஜன்னலோரம் நின்றேன், மறுபடி நடந்தேன். மறுபடி ஜன்னலுக்கு வந்தபோது மேட்ரன் மழை கொட்டுகிற மாதிரி எதையோ கேட்டு முடித்தார். இவளுக்குப் பிடிபடவில்லை. எனக்குக் கேள்வி புரிந்துவிட்டது. பதில் என் தொண்டை வரை வந்துவிட்டது. வாயைத் திறந்தேன். அவள் போனைவிட்டுப் பார்வையை எடுக்காமலே, மேஜைக்கு அடியில் கையை நீட்டி, என் பக்கமாக விரித்துக் காட்டினாள். நில்லு என்று. நான் வாயைப் பொத்திக்கொண்டேன்.

"மேடம், ஐ நாட் அண்டர்ஸ்டாண்ட். யூ சே அகெய்ன், ஸ்லோலி" என்றாள்.

மேட்ரன் மெல்லக் கேட்டார். ஒரு வயதான அம்மா சாப்பிட மாட்டேன், வீட்டுக்குப் போக வேண்டும் என்று அழுதால் நீ என்ன செய்வாய்? இவள் தன் உடைந்த இங்கிலீஷிலேயே சொன்னாள். சாப்பிடு சாப்பிடு என்று சொல்ல மாட்டேன். பக்கத்தில் இருப்பேன். உன் வீடு எப்படி என்று கேட்பேன். நானும் வீட்டைவிட்டு வந்தவள்தான், எனக்கும் போக வேண்டும் என்று சொல்வேன். பிறகு மேட்ரன் வேறு எதையும் கேட்காமல், எப்போது கிளம்பி வர முடியும் என்றார்.

போய்ச் சேர்ந்து சில வாரம் கழித்துக் கூப்பிட்டாள். வீட்டுக்காரர் சிகிச்சைக்குப் போகத் தொடங்கிவிட்டார், பிள்ளைகள் குரல் கேட்டால் மட்டும் அழுகை வருகிறது என்றாள். அப்புறம் குரல் மாறியது.

"இங்க ஒரு அம்மச்சி உண்டு டீச்சரே. பண்டு ஸ்கூல்ல டீச்சராக்கும். ஒண்ணும் தின்ன மாட்டா. ஆனா நான் பேசத் தொடங்கினா விட மாட்டா, ஒவ்வொண்ணையும் திருத்துவா. அந்தக் கேப்புல சூப்பை வாயில குடுத்துருவேன். தெரியாமலே முழுசும் குடிச்சிருவா. இப்போ வேணும்னே தப்பா பேசுதேன்."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. "அந்த அம்மச்சி ஒரு இடத்துல இருப்பாளா மக்கா?" என்று கேட்டேன்.

"எங்க இருக்கா? நடந்துகிட்டேதான் இருப்பா. நான் ஸ்பூனும் வச்சுகிட்டு பின்னால போவேன்" என்றாள்.