பிரளயத்துக்கு முந்தினவை

ஆன்டிடிலூவியன். இந்த இங்கிலீஷ் வார்த்தையைத் தடுக்காமல் சொல்லப் பழகவே எனக்கு ஒரு வாரம் பிடித்தது. இப்போது நன்றாக வருகிறது, என்ன பிரயோஜனம்? அறையில் நான் ஒருத்திதான். சுவரிடம் சொல்லிவிட்டுப் படுக்கவேண்டியதுதான்.

சொல்லிக்கொடுத்தவள் இதே அறையில் என்னோடு குடியிருந்தவள். கண்டோன்மெண்டில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் இருவரும் டீச்சர்கள். ஜீவனஹள்ளியில் ஓட்டு வீடொன்றின் பின்கட்டை வாடகைக்கு எடுத்திருந்தோம். அவள் என்னைவிடச் சின்னவள். இங்கிலீஷும் பாட்டும் அவளுக்கு நன்றாக வரும். கோபம் எனக்கு நன்றாக வரும்.

ஜலப்பிரளயத்துக்கு முந்தினது என்று அர்த்தம். உலகமே முழுகிப்போவதற்கு முன்னால் இருந்த சாமான் இன்னும் இங்கே நடமாடுகிறதே என்று கிண்டலாகச் சொல்வது. பழையது என்று சொல்ல வேறு வார்த்தைக்கா பஞ்சம்? ஆனால் இதற்கு அவள் தனிச் சட்டம் வைத்திருந்தாள்.

"சும்மா பழசா இருந்தா போதாதுக்கா. காலம் போயிருக்கணும். அது போனதே தெரியாம அந்தச் சாமான் பாட்டுக்கு வேலை செஞ்சுக்கிட்டு இருக்கணும். அப்பதான் இந்தப் பட்டம்."

ஆகவே உடைந்த குடைக்குப் பட்டம் கிடையாது. எங்கள் ஹெட்மிஸ்ட்ரஸ் துரைசானியின் இறகு வைத்த தொப்பிக்கு உண்டு. ஸ்டேஷன் ஜட்கா வண்டிக்கு உண்டு. என் பஃப் கை ஜாக்கெட்டுக்குத் தாராளமாக உண்டு. "போடி, நல்ல துணி, கிழியற வரைக்கும் போடுவேன்" என்று எரிந்து விழுவேன். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள்.

கோயிலில்தான் ரொம்பக் கெட்டுப்போனோம். எங்கள் சபைப் பாதிரியாருக்கு வயசாகிவிட்டது, காதும் மந்தம். அறிவிப்புகளை அவர் பாட்டனார் காலத்துத் தமிழில் நீட்டி முழக்குவார். பெஞ்சில் அவள் சுவர்ப்பக்கம், நான் இந்தப் பக்கம். அவர் நிறுத்தினதும் யார் முதலில் அந்த வார்த்தையை மற்றவள் காதில் ஓதுகிறாள் என்பது எங்களுக்குள் போட்டி. சிரிப்பை அடக்கி அடக்கிக் கண்ணில் தண்ணீர் வந்துவிடும்.

ஒருநாள் ஸ்டவ்வுக்குப் பம்ப் அடித்துக்கொண்டே சொன்னாள். அவளுடைய அண்ணன் தங்கவயலில் மாப்பிள்ளை பார்த்திருக்கிறாராம். சுரங்க ஆபீஸில் குமாஸ்தாவாம், வீட்டில் கரண்டு விளக்காம்.

"ஏன்டி, இங்க நமக்கு என்ன குறைச்சல்?"

அவள் அறையை ஒரு சுற்றுப் பார்த்தாள். "இப்படியே எவ்வளவு காலம்க்கா? ரெண்டு பொம்பளைங்க, ஒரு ரூமு, புகையற ஸ்டவ்வு. நம்ம பொழப்பே ஆன்டிடிலூவியன்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்குச் சுரீரென்றது. தொப்பிக்கும் ஜட்காவுக்கும் கொடுத்த பட்டத்தை எங்கள் வாழ்க்கைக்கும் கொடுத்துவிட்டாளே! சாப்பிடாமல் போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டேன். அவள் என் கட்டில் ஓரத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"கோவிச்சுக்காதீங்கக்கா. போகாதேன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க, அண்ணன்கிட்ட வேணாம்னு சொல்லிடறேன். நெசமாத்தான்."

நிஜமாகத்தான் சொன்னாள், அதுதான் பயம். இரு என்று சொல்லி நான் இருத்திவைத்து, தலை நரைத்த பிறகு அவள் என் முகத்தைப் பார்த்து ஏங்கினால் எனக்குத் தாங்குமா? "போய்த் தொலை, எனக்கு ரெண்டு கட்டில் கிடைக்கும்" என்றேன். அவள் சிரிக்கவில்லை. "ஓலை வாசிக்கிற வரைக்கும் யோசிச்சுப் பாருங்க" என்றாள்.

எங்களவர் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம், தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று சபையைக் கேட்பது அது. அந்த ஞாயிறுகளில் கல்யாணப்பெண் கோயிலுக்கு வரமாட்டாள், வழக்கம் அப்படி. அதனால் முதல் ஓலைக்கு நான் தனியாகப் போனேன்.

பாதிரியார் அவள் பெயரை, தகப்பன் பெயரோடும் ஊர்ப்பெயரோடும் இழுத்து இழுத்து வாசித்தார். "நியாயமான தடை யாதொன்றை எவரேனும் அறிந்திருப்பின் இப்பொழுதே தெரிவிக்கக் கடவர்" என்று நிறுத்தினார். சபை மூச்சுவிடாமல் உட்கார்ந்திருந்தது. நான் பழக்கதோஷத்தில் சுவர்ப்பக்கம் திரும்பி, "ஆன்டிடிலூவியன்" என்றேன்.

சுவர்ப்பக்கம் யாரும் இல்லை. அந்த அமைதியில் என் குரல் கோயில் முழுக்கக் கேட்டது. தலைகளெல்லாம் திரும்பின. என்ன சொன்னேன் என்பது பாதிரியாருக்குக் கேட்கவில்லை, தலைகள் திரும்பியதைத்தான் பார்த்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"டீச்சரம்மா, ஏதாவது தடை சொல்றீங்களா?"

எழுந்து நின்றேன். தடை இல்லாமல் என்ன? அவள் போய்விட்டால் சாயங்காலம் பூட்டைத் திறந்து உள்ளே போனதும் ஏன் லேட்டு என்று கேட்க எனக்கு ஆள் கிடையாது. இதைவிடப் பெரிய தடை உலகத்தில் இருக்கிறதா? தொண்டை வரைக்கும் வந்துவிட்டது.

"ஒண்ணுமில்லீங்க ஐயா. இருமல்."

நாலு பேர் சிரித்தார்கள். உட்கார்ந்தேன்.

வீட்டுக்குப் போனபோது அவள் சமையல் முடித்துவிட்டு வாசலிலேயே நின்றிருந்தாள்.

"வாசிச்சாங்களாக்கா?"

"வாசிச்சாங்க."

உள்ளே போய்த் தட்டை வைத்தாள். கரண்டியை எடுத்தாள். என்னைப் பார்க்காமல், "யாராச்சும் ஏதாச்சும் சொன்னாங்களா?" என்றாள்.

"ஒருத்தரும் ஒண்ணும் சொல்லலடி."

எடுத்த கரண்டியைச் சட்டியிலேயே திரும்ப வைத்தாள். பிறகு, "சரிக்கா" என்று எனக்குச் சோறு போட்டாள்.