எல்லாப் பக்கமும் ஒரே அளவு

1. திங்கட்கிழமை காலை, நாங்கள் அனுப்பியிருந்த பின்களில் ஒரு லாட் முழுவதும் திரும்பி வந்தது. பின் என்றால் விரல் தடிமனுள்ள, பளபளவென்று தேய்த்த எஃகு உருளை.
2. பெட்டியின்மேல் ஒட்டியிருந்த சீட்டில் ஒரே வரி: "துளைக்குள் போகவில்லை."
3. பத்துப் பின்களை எடுத்து மைக்ரோமீட்டரில் அளந்தேன். பத்தும் டிராயிங்கில் சொன்ன அளவுக்குள் இருந்தன.
4. அளவு சோதிக்கும் எஃகு வளையத்தில் ஒவ்வொன்றாக நுழைத்துப் பார்த்தேன். ஒன்றும் நுழையவில்லை.
5. ஒரே பின்னைத் திருப்பித் திருப்பிப் பன்னிரண்டு இடத்தில் அளந்தேன். பன்னிரண்டிலும் ஒரே அளவு. வளையத்தின் துளையைவிடச் சிறியது.
6. மதியத்துக்குள் சூப்பர்வைசர் ரிஜெக்ஷன் படிவத்தில் "காரணம்: ஆபரேட்டர்" என்று பென்சிலால் எழுதிவிட்டார்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சிறிய தொழிற்சாலையில் தர ஆய்வு என் வேலை. நடந்ததை எண் போட்டு எழுதினால்தான் எனக்கு யோசனை ஓடும். அன்று எழுதியும் ஓடவில்லை. நான்காவதும் ஐந்தாவதும் ஒரே பட்டியலில் இருக்கக்கூடாதவை. சிறியது பெரியதற்குள் போக வேண்டும். அதில் எனக்குச் சந்தேகம் வந்ததே இல்லை.

படிவத்தில் இருந்த ஆபரேட்டர், தேய்க்கும் இயந்திரத்தை ஓட்டும் அக்கா. மண்ணூர்பேட்டையிலிருந்து நடந்தே வருவார். நான்கு வருடமாகக் காண்ட்ராக்ட். அந்த வெள்ளிக்கிழமை, நிரந்தரம் ஆக்கப்படப்போகிறவர்களின் பட்டியல் அலுவலகத்துக்குப் போக இருந்தது. பெயரில் ஒரு ரிஜெக்ஷன் ஏறினால் பட்டியலில் இடமில்லை.

"இன்னாம்மா, நானும் அளந்தேன், நீயும் அளந்தே. ரெண்டு பேருக்குமா கண்ணு அவிஞ்சு பூட்ச்சு?" என்றார்.

"அளவு சரியாத்தான் இருக்குக்கா."

"அப்போ அத்த உள்ள போவச் சொல்லு."

அன்று மாலை வீட்டுக்குப் போகும் மாங்காடு பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, வட்டம் என்றால் என்ன என்று என்னையே கேட்டுக்கொண்டேன். பள்ளிக்கூடத்திலேயே மனப்பாடம் செய்தது: ஒரு புள்ளியிலிருந்து சம தூரத்தில் இருக்கும் புள்ளிகள் எல்லாம் சேர்ந்தது. நான் காலையிலிருந்து அதை அளக்கவே இல்லை என்பது போரூர் தாண்டும்போது உறைத்தது. மைக்ரோமீட்டர் ஒரு பக்கத்திலிருந்து எதிர்ப்பக்கம் வரைக்கும்தான் அளக்கும். நடுவில் இருக்கும் புள்ளியை அது தொடுவதில்லை. எஃகுக்குள் அப்படி ஒரு புள்ளி குறிக்கப்பட்டிருக்கவும் இல்லை. "எந்தப் பக்கம் அளந்தாலும் ஒரே அகலம்" என்பதும் "நடுவிலிருந்து சம தூரம்" என்பதும் ஒன்றுதான் என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. நானே அப்படி வைத்துக்கொண்டு மூன்று வருடமாகக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

வீட்டில் காம்பஸை எடுத்து ஒரு சமபக்க முக்கோணம் வரைந்தேன். ஒவ்வொரு முனையிலும் ஊசியை ஊன்றி எதிர்ப்பக்கத்துக்கு ஒரு வில் போட்டேன். வயிறு புடைத்த முக்கோணம் ஒன்று கிடைத்தது. யார் பார்த்தாலும் வட்டம் என்று சொல்லமாட்டார்கள். ஸ்கேலை எப்படி வைத்தாலும் அகலம் மட்டும் மாறவில்லை. பழைய ரப்பர் செருப்பில் அதே அளவில் மூன்று துண்டு வெட்டிப் பையில் போட்டுக்கொண்டேன்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் மேஜைமேல் மூன்றையும் விளிம்பில் நிறுத்தி, மேலே ஒரு எழுது அட்டையை வைத்து முன்னும் பின்னும் தள்ளினேன். அட்டை வழுக்கிக்கொண்டு போனது. ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

அக்கா குனிந்து அடியில் பார்த்தார். "மூலை மூலையா கீது. எப்டி ஆடாம போவுது?" தன் டீ கப்பை அட்டையின்மேல் வைத்து அவரே தள்ளிப் பார்த்தார். டீ தளும்பவில்லை.

பின்னால் நின்ற சூப்பர்வைசர், "என்னம்மா இது, செருப்பு வியாபாரம்?" என்றார்.

"சார், நம்ம பின்னும் இதே மாதிரிதான். கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு."

"வாயால சொன்னா படிவத்துல ஏறாது."

V வடிவப் பள்ளம் வெட்டிய இரும்புக் கட்டையில் ஒரு பின்னைக் கிடத்தி, மேலே முள் வைத்த டயலைப் பொருத்திச் சுற்றினேன். ஒரு முழுச் சுற்றுக்குள் முள் ஏறி இறங்கி, ஏறி இறங்கி, ஏறி இறங்கியது.

"மூணு தபா," என்றார் அக்கா. "அதுக்கும் மூணு மூலை."

காரணம் தேட அதிக நேரம் ஆகவில்லை. அந்த இயந்திரத்தில் பின்னை இரு முனையிலும் பிடிப்பதில்லை. இரண்டு கற்சக்கரங்களுக்கு நடுவே ஒரு பிளேடின்மேல் சும்மா உட்காரவைத்துத் தேய்க்கும். பிளேடு தேய்ந்து தாழ்ந்தால் பின் தாழ உட்கார்ந்து மூன்று மேடு வாங்கிக்கொள்ளும். பிளேடை மாற்றச் சொல்லி அக்கா போன மாதமே சூப்பர்வைசரிடம் கேட்டிருந்தார். அவர் அதை எங்கும் எழுதிவைக்கவில்லை.

புதன்கிழமை, அடுத்த தெருவில் இருக்கும் அளவுச் சோதனைக்கூடத்துக்கு இரண்டு பின்களை எடுத்துப் போனேன். அங்கே வட்டத்தன்மையை மட்டுமே அளக்கும் இயந்திரம் இருக்கிறது. அதை ஓட்டுபவர் திரையைப் பார்த்தபடி, "சென்டர் எதுல எடுக்கட்டும் மேடம்?" என்றார்.

"அது மெஷினுக்குத் தெரியாதா?"

"நாலு வழி கீது. உள்ள அடங்குற பெரிய வட்டம், வெளிய சுத்துற சின்ன வட்டம், ரெண்டு வட்டத்துக்கு நடுவுல இருக்க வெக்கிறது, சராசரி. எது ஓணும்?"

நான்கிலும் போடச் சொன்னேன். நான்கு மையங்கள் வந்தன. மிகச் சிறிய வித்தியாசம்தான், ஆனாலும் நான்கும் ஒரே இடமில்லை.

"இதுல எது நிஜம்?"

"மேடம், நான் பில்லு போடணும். உங்க டிராயிங்ல இன்னா போட்டுகீதோ அதான் நிஜம்."

டிராயிங்கில் ஒன்றும் போடவில்லை.

திரும்பிவந்து அக்காவிடம் சொன்னதும், "அப்போ நடு எங்கதான் கீது?" என்று கேட்டார்.

"எப்படித் தேடுறதுன்னு முதல்ல நாம முடிவு பண்ணணும்க்கா. அப்புறம்தான் நடு."

"நாம வெச்சாத்தான் நடுவா? அப்போ நாம பொறக்கறதுக்கு மின்ன வட்டமே இல்லியா?"

அன்று முதல் அந்தக் கேள்வியையே சுற்றி வருகிறேன். எங்கள் ஷாப்பில் ஒரு வட்டம்கூடக் கிடையாது. பின் வட்டமில்லை. அதைச் சோதிக்கும் வளையமும் முழு வட்டமில்லை. எவ்வளவு பிசகு என்று அதன் சான்றிதழிலேயே இருக்கிறது. அந்தப் பிசகை அளந்த கருவிக்கும் ஒரு சான்றிதழ், ஒரு பிசகு. இப்படிப் பின்னால் போய்க்கொண்டே இருந்தால் கடைசியில் எந்தப் பொருளும் அகப்படாது. ஏட்டில் படித்த அந்த ஒரு வாக்கியம்தான் மிஞ்சும். யாரும் பார்த்திராத ஒன்றை வைத்து, கையில் இருக்கிற எஃகை "நீ அது இல்லை" என்று திருப்பி அனுப்புகிறோம். அந்த வாக்கியம் நம் கற்பனை என்றால், பின் ஏன் துளைக்குள் போக மறுத்தது? கற்பனை இல்லை என்றால், அது எங்கே இருக்கிறது? செருப்புத் துண்டு நான் வெட்டும் முன்பே ஆடாமல் உருளத் தயாராக இருந்தது என்றுதான் தோன்றுகிறது. நான்கு மையங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தது மட்டும் நாங்கள்.

வெள்ளிக்கிழமை காலை படிவம் என் மேஜைக்கு வந்தது. பென்சில் எழுத்து அப்படியே இருந்தது. ரப்பரால் அழித்துவிட்டுப் பேனாவால் எழுதினேன்: "காரணம் ஒன்று: பிளேடு தேய்மானம், மாற்றும் கால அளவு வகுக்கப்படவில்லை. காரணம் இரண்டு: ஆய்வு முறை தவறு. விட்டம் மட்டும் அளக்கப்பட்டது, வட்டத்தன்மை அளக்கப்படவில்லை." இரண்டாவதற்கு எதிரே, பொறுப்பு என்ற கட்டத்தில் என் பெயர்.

சூப்பர்வைசர் இரண்டு முறை படித்தார். "இன்கிரிமென்ட் நேரம்மா. யோசிச்சுத்தான் எழுதினியா?"

"அக்கா எனக்குக் குடுத்தது நான் சொன்ன அளவுதான் சார். தப்பானதை அளக்கச் சொன்னது நான்."

பிளேடு வரியில் தானும் அகப்படுவது அவருக்குத் தெரியும். கொஞ்ச நேரம் பேனாவை மூடித் திறந்தார். பிறகு கையெழுத்துப் போட்டார்.

இப்போதைய நிலை இது. பட்டியலில் அக்காவின் பெயர் போயிருக்கிறது, நிரந்தரம் ஆக்கும் ஆர்டர் இன்னும் கைக்கு வரவில்லை. எனக்கு ஒரு மெமோ வந்தது, இன்கிரிமென்ட் அடுத்த வருடம். பிளேடு மாற்றியாகிவிட்டது, ஒவ்வொரு லாட்டிலும் ஐந்து பின்களை V கட்டையில் சுற்றிப் பார்க்கிறோம். மையம் எந்த வழியில் என்று வாடிக்கையாளரிடம் எழுதிக் கேட்டேன். "உங்கள் வழக்கப்படி" என்று பதில் வந்தது. எங்களுக்கு வழக்கம் எதுவும் இருந்ததில்லை. அதனால் வெளியே சுற்றுகிற சின்ன வட்டம் என்று நானும் அக்காவும் முடிவு செய்து, டிராயிங்கின் ஓரத்தில் எழுதிவைத்திருக்கிறோம்.