துள்ளிய பிக்கப்

ரெங்கம் என்ற சிற்றூரில் செடிக் கன்றுகள் வளர்த்து விற்கும் விஜயனுக்கு வலது கணுக்கால் மடங்காது. பாசிர் கூடாங் துறைமுகத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிக்கொண்டிருந்த காலத்தில், ஷிப்ட் முடிந்து மோட்டார் சைக்கிளில் திரும்பும்போது ஒரு லாரி இடித்துத் தள்ளியது. எலும்பு கூடிவிட்டது, மூட்டு இறுகிப்போனது. கம்பெனி அவரை ஸ்டோரில் உட்கார வைத்துப் பெட்டிகளுக்கு ஸ்டிக்கர் ஒட்டச் சொன்னது. அது அவருக்கு ஒத்துவரவில்லை. வேலையை விட்டுவிட்டு மனைவி சாந்தினியின் ஊரான ரெங்கமுக்கே வந்து, கறிவேப்பிலை, செம்பருத்தி, எலுமிச்சை என்று கன்று போட்டுப் பக்கத்திலுள்ள குளுவாங் சந்தையில் விற்க ஆரம்பித்தார்.

கன்றுகளை ஏற்ற ஒரு பழைய பிக்கப் வாங்கினார். அவரைவிட வயதில் மூத்த வண்டி. விபத்துக்குப் பிறகு எந்தக் காரையும் ஒழுங்காக ஓட்ட முடியாதவருக்கு அது மட்டும் எப்படியோ பணிந்தது. கணுக்காலை அசைக்காமல் முழங்காலிலிருந்தே ஆக்சிலேட்டரை அழுத்துவார். வண்டி நிதானமாக நகரும். பிறர் தயவில் போய் வந்த நாள்கள் அதோடு முடிந்தன.

போன வருடம் அதன் எஞ்சின் நின்றுபோனது. அதே மாதிரி எஞ்சின் எங்கும் கிடைக்கவில்லை. குளுவாங்கில் பட்டறை வைத்திருக்கும் காளிதாஸ், வேறொரு காரின் எஞ்சினை வாங்கிப் பொருத்தினார். சிக்கல் ஆக்சிலேட்டரில் வந்தது. பழைய எஞ்சினில் ஆக்சிலேட்டர் மிதிப்பிலிருந்து ஓர் இரும்புக் கம்பி போய், எஞ்சினுக்குப் பெட்ரோல் விடும் கார்புரேட்டரைத் திறக்கும். புதிய எஞ்சினில் கார்புரேட்டர் மறுபக்கம் இருந்ததால் கம்பி எட்டவில்லை. காளிதாஸ் அதைக் கழற்றிவிட்டு, மிதிப்புத் தண்டின் மேல்முனையில் துளை போட்டு ஒரு கேபிளை மாட்டினார். ஓட்டிப் பார்த்தார். வண்டி பறந்தது.

அடுத்த சந்தை நாளில் விஜயன் தன் கடையை நோக்கி வண்டியைப் பின்னால் எடுத்தார். கால் லேசாகத்தான் பட்டது. வண்டி துள்ளி, பக்கத்துக் கடைத் தூணில் மோதி நின்றது. அங்கே வாழைக்குலை விற்கும் சுகுமாறன் எகிறிக் குதித்தார்.

“அலமாக்! என்னாண்ணே, ஆளையே ஏத்திருவீங்க போல!”

யாருக்கும் அடியில்லை. வண்டியிலிருந்து விழுந்து மண் சட்டிகள் உடைந்து கிடந்ததை விஜயன் பார்க்கக்கூட இல்லை. சுகுமாறன் நின்றிருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் சொன்னார்: “கால் செத்துப்போச்சு சாந்தி. வண்டிய வித்துரலாம்.”

அதன்பிறகு அவர் வண்டிப் பக்கமே போகவில்லை. கன்றுகளுக்குத் தண்ணீர் விடுவார், வந்து படுத்துக்கொள்வார். சாப்பாட்டுக்குக் கூப்பிட்டால்தான் எழுந்து வருவார். ஒரு காலையில் சாந்தினி சாவியை எடுத்துக்கொண்டு, செம்பனைத் தோட்டத்துச் செம்மண் பாதையில் வண்டியைத் தானே ஓட்டிப் பார்த்தாள். திரும்பி வந்தபோது அவள் நெற்றி வியர்த்திருந்தது.

“ஏங்க, எனக்கும் துள்ளுது. வாய்க்கால்ல விழப் பாத்தேன். என் காலு நல்லாத்தானே இருக்கு?”

விஜயன் எழுந்து உட்கார்ந்தார். “நெசமாவா?”

“பொய் சொல்லி எனக்கு என்னா ஆவப்போவுது? கெளம்புங்க, காளிதாஸ்கிட்ட போலாம்.”

காளிதாஸ் முதலில் ஒப்புக்கொள்ளவில்லை. “நான் ஓட்டுனப்ப நல்லாத்தான் இருந்துச்சு லா.”

“நீங்க ஓட்டுனா போதுமா? ஓட்டப்போறது இவர்தானே?” என்றாள் சாந்தினி.

விஜயனை மிதிக்கச் சொல்லிவிட்டு, காளிதாஸ் பானட்டைத் திறந்து குனிந்து பார்த்தார். மிதிப்பு பாதி இறங்குவதற்குள்ளேயே கார்புரேட்டர் முழுக்கத் திறந்துகொண்டது. பழைய கம்பி அதே வேலையை மிதிப்பு தரை வரை இறங்கும் முழுத் தூரத்துக்கும் பரப்பிச் செய்திருக்கிறது. அதனால்தான் லேசாக அழுத்தத் தெரியாத அந்த மடங்காத காலுக்கு அது பொருந்தியிருக்கிறது.

கேபிளைத் தண்டின் முனையில் மாட்டாமல், தண்டு திரும்பும் அச்சுக்கு அருகில் மாட்டினால் குறைவாக இழுக்கும். காளிதாஸ் அப்படியே இன்னொரு துளை போட்டார். இப்போது துள்ளல் நின்றது. ஆனால் தரை வரை மிதித்தும் மேட்டில் வண்டி திணறியது. இரண்டுக்கும் நடுவில் மறுபடி துளை போட்டார். காலை எடுத்ததும் மிதிப்பு உடனே மேலே வர இன்னொரு ஸ்பிரிங்கையும் சேர்த்தார்.

விஜயன் பட்டறை முற்றத்தைச் சுற்றி வந்தார். வண்டி நடை பழகுவதுபோல் மெல்ல ஊர்ந்தது. நிறுத்திவிட்டு இறங்காமல் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே இருந்தார். கண் கலங்கியிருந்தது.

“எஞ்சின் ஓடுதான்னு பார்த்தேன். உங்க காலைப் பார்க்கல. மன்னிச்சுக்குங்கண்ணே,” என்றார் காளிதாஸ்.

“நான் மட்டும் என்னா? என் காலைத்தான் திட்டிக்கிட்டுக் கெடந்தேன்.”

இப்போது சந்தைக்குப் போகும்போது விஜயன் ஓட்டுகிறார். நாள் முழுக்க நின்றால் கணுக்கால் வீங்கிவிடுவதால், திரும்பும்போது சாந்தினி ஓட்டுகிறாள். அவள் வளைவில் வேகமாகத் திரும்பினால், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அவர் தன் காலடியில் இல்லாத பிரேக்கை மிதிப்பார்.

“சும்மா உக்காருங்க,” என்பாள் சாந்தினி.