சோற்றுக்கு அஞ்சிய ஏழாண்டுகள்

ஏழாண்டுகளாகப் பத்தியக் கஞ்சியைத் தவிர என் வயிறு எதையும் ஏற்க மறுத்தது. குடலில் புண் ஏதுமில்லை, அச்சத்தில் நரம்புகள் இறுகும்போது குடலும் இறுகுகிறது என்று மருத்துவர் விளக்கினார். நான் நம்பவில்லை. பெற்ற மகளின் வீட்டில்கூட உண்பதை நிறுத்திவிட்டேன்.

ஒரு ஞாயிறன்று தாராபுரம் சாலையில் எங்கள் பேருந்து பழுதாகி நின்றது. உடன் வந்த பனியன் கம்பெனிப் பெண்களிடம் நான் ஆசிரியர் என்று பேச்சுவாக்கில் சொல்லியிருந்தேன்; அவர்கள் மரநிழலில் கட்டுச்சோற்றைப் பிரித்தனர். ஒருவர் தூக்குப்போசி மூடியில் எனக்கும் தக்காளிச் சோறு வைத்தார். நான் மிளகாயைத் தேடித் தேடி ஒதுக்கினேன்.

"ஏனுங் சாமி, சோத்துல தப்புக் கண்டுபுடிக்கறீங்களா?" என்றார் அவர்.

"வாத்தியாருன்னு சொன்னாருல்லாக்கா, மார்க்குப் போட்டுத்தான் முழுங்குவாரு!" என்றார் அருகிலிருந்த நெல்லைப் பெண்.

அனைவரும் சிரித்தனர், நானும் கண்ணீர் வரச் சிரித்தேன். மூடி காலியானதை உணரவேயில்லை. மாலைவரை வலிக்காகக் காத்திருந்தேன். வந்ததோ பசி!

முழுக் குணம் மருந்தோடும் மூச்சுப் பயிற்சியோடும் மெல்லத்தான் வந்தது. ஆயினும் மறுவாரமே உடுமலைப்பேட்டையில் மகள் வீட்டில் இலைமுன் அமர்ந்தேன். "அப்பா, இன்னுங் கொஞ்சம் வெக்கட்டுங்களா?" என்று கேட்டபடி அவள் கரண்டியோடு என் இலையருகே குனிந்தாள். பத்தியம் என்ற பெயரில் எத்தனை பேரின் அன்பை மறுத்திருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. "நிறைய வை, அம்மா" என்றேன்.