கறுப்பு டேப்பும் கொட்டை எழுத்தும்

பாஸ்போர்ட் படத்துக்கு உட்காருகிறவரிடம்கூட "ஸ்மைல்" என்று கத்தி, அதையே பட்டப்பெயராக வாங்கிக்கொண்டவர் ஸ்மைல் அண்ணன். கேமரா வாங்கிய அன்றே அதன் நெற்றியில் இருந்த கம்பெனிப் பெயர்மேல் கறுப்பு டேப்பை ஒட்டினார். ஓரத்து மாடல் எண்ணையும் விட்டுவைக்கவில்லை. ஆனால் எடுக்கிற ஒவ்வொரு படத்தின் மூலையிலும் தன் பெயரைக் கொட்டை எழுத்தில் போட மறக்கமாட்டார்.

டேப் எதற்கென்று கேட்டால் ஆளுக்கொரு காரணம் வைத்திருப்பார். கல்யாண வீட்டாரிடம், "பேரைப் பாத்தா திருடன் கண்ணு வைப்பான்." சக போட்டோகிராபர்களிடம், "கம்பெனிக்காரனுக்கு நான் எதுக்கு ஓசியில விளம்பரம் பண்ணணும்?" விவரம் தெரியாதவர்களிடம் குரலைத் தாழ்த்தி, "இது வெளியில சொல்ற மாடல் இல்ல" என்பார். கடைசியாகச் சொன்னது மட்டும் உண்மை. கடையில் இருந்ததிலேயே மட்டமான மாடல் அது. டேப்பை வெட்டிக் கொடுத்த மனைவிக்குத் தெரியும்.

ஸ்டுடியோவில் ஆல்பம் கோப்பதும் அந்த அம்மாள்தான். இத்தனை வருஷத்தில் ஒரு படத்தைப் பார்த்தும் "நல்லா இருக்கு" என்று வாய் திறந்ததில்லை. அந்த ஒரு வார்த்தைக்காக அண்ணன் ஏங்கிக் கிடந்தார். "கேமரா சரியில்லம்மா. பூனை கையில இருக்கறதைக் கொடு, அப்புறம் பாரு" என்று சமாளிப்பார். பூனை என்பது அவருக்குப் போட்டியான இன்னொரு போட்டோகிராபரின் பட்டப்பெயர். சத்தமில்லாமல் வந்து எடுத்துவிட்டுப் போவான். அவன் கேமராவிலும் அதே இடங்களில் டேப்.

ஒரு கல்யாணத்தில் பெண் வீட்டுக்கு அண்ணன், மாப்பிள்ளை வீட்டுக்குப் பூனை. எல்லாம் முடிந்து சாப்பிடும்போது இருவரும் கேமராவை ஒரே மேஜையில் வைத்தார்கள். எழுந்த அண்ணன் கைக்கு வந்ததைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

மறுநாள் ஸ்டுடியோவில் மனைவி படங்களைத் திறந்தார். பெண்ணின் அப்பா தூணோரம் திரும்பி நின்று கண்ணைத் துடைக்கும் படம் வந்தது. அம்மாளின் கை நின்றது.

"நல்லா இருக்குங்க."

அண்ணனுக்குக் கால் தரையில் பாவவில்லை. எடுத்த ஞாபகம் இல்லைதான். பாராட்டு வரும்போது ஞாபகம் எதற்கு? "மனுஷன் எப்ப அழுவான்னு காத்துக்கிட்டே இருந்தேன். அதெல்லாம் பொறுமை!"

அடுத்த படத்தில் அண்ணனே இருந்தார், வாயைப் பிளந்து, கையில் கேமராவோடு.

"இதையும் நீங்கதான் பொறுமையா எடுத்தீங்களா?"

அதற்குள் போன் அடித்தது. பூனை.

"அண்ணே, கேமரா மாறிடுச்சு. படத்தைப் பாத்ததுமே உங்களோடதுன்னு தெரிஞ்சுபோச்சு."

"எப்படிடா?"

"எல்லாரும் விறைப்பா நின்னு பல்லைக் காட்டறாங்க. அழுதுக்கிட்டிருந்த அந்த அப்பாகூட."

போனை வைத்தும் அண்ணன் விடவில்லை. "அவன் கேமரா அப்படி. குரங்கு கையில கொடுத்தாலும் நல்லா எடுக்கும்."

மனைவி பூனையின் கேமராவை எடுத்து நெற்றியில் இருந்த டேப்பை நகத்தால் உரித்தார். அதே கம்பெனி. ஓரத்து டேப்பையும் உரித்தார். அதே மாடல் எண்.

அண்ணன் கேமராவை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "அந்த டேப்பை எடு. மறுபடி ஒட்டிடலாம்" என்றார்.

மனைவி டேப்பை எடுத்து அவர் கையில் வைத்தார்.

"இந்தாங்க. படத்து மூலையில போடறீங்களே உங்க பேரு, முதல்ல அது மேல ஒட்டுங்க."