கரையேறிய தாடிக்காரன்

2008-ஆம் வருடம், ஈஸ்டருக்கு முந்தின குருத்து ஞாயிறு மத்தியானம். கடலூரில் கடற்கரையை ஒட்டிய ஒரு சின்ன மாதா கோயிலின் கூடத்தில் இது நடந்தது. நான் சிதம்பரத்தில் குடியிருந்துகொண்டு, கீரப்பாளையம் பக்கத்தில் ஒரு கல்லூரியில் சரித்திரம் நடத்துகிறவன். மனைவியின் ஊர் கடலூர், செம்மண்டலம்.

முதலில் என் கெட்ட பழக்கம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சரித்திரப் படம் எதையும் என்னால் வாயை மூடிக்கொண்டு பார்க்க முடியாது. ரோமாபுரி வீரன் அங்கவடியில் காலை ஊன்றிக் குதிரை ஏறினால், அந்தக் காலத்தில் அவர்களிடம் அங்கவடி ஏது என்று ஆரம்பிப்பேன். சந்தைக் காட்சியில் கூடை நிறைய மக்காச்சோளம் தெரிந்தால், அது அமெரிக்காவிலிருந்து வர இன்னும் ஆயிரத்துச் சொச்சம் வருடம் இருக்கிறதே என்பேன். மனைவி என்னோடு படம் பார்ப்பதையே விட்டுவிட்டாள். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

அந்தக் கூடத்தில் வருடா வருடம் குருத்து ஞாயிறன்று ஒரே படத்தைத்தான் போடுவார்கள். ஐம்பது வருடத்துக்கு முந்தைய ஹாலிவுட் படம். ரோமாபுரி, அடிமைகள், புதிதாகக் கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்த ஒரு மாலுமி, அவனுக்காகக் கரையில் காத்திருக்கும் அவன் மனைவி. பேச்சு முழுக்க இங்கிலீஷ். பார்க்க வருகிறவர்களில் பாதிப்பேர் பக்கத்துக் குப்பத்து மீனவர்கள். அவர்கள் இந்துக்கள்தான், ஆனாலும் படம் என்றால் குடும்பத்தோடு வந்துவிடுவார்கள். அதனால் மைக்கில் ஒருவர் கூடவே தமிழில் கதை சொல்லியாக வேண்டும்.

பதினைந்து வருடமாக அதைச் செய்தவர் கோயில் உபதேசியார். சாமியாருக்கு உதவியாக இருந்து ஜெபம் சொல்லிக்கொடுப்பவர். இங்கிலீஷ் ஒரு வார்த்தை தெரியாது. படத்தைப் பார்த்து அவராகவே ஒரு கதை கட்டியிருந்தார். நான் ஒரு தடவை கேட்டிருக்கிறேன். பேச ஆரம்பிக்கும் முன் ஒரு செருமல், முடிக்கும்போது ஒரு "ஆங்". ரோமாபுரி கவர்னரைக் கலெக்டர் என்றார். சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே எழுந்து வந்துவிட்டேன்.

2007 மழைக்காலத்தில் அவர் காலமானார். கோயில் இளைஞர் சங்கத்தைக் கவனித்துக்கொள்ளும் என் மச்சான், மனைவியின் தம்பி, என்னிடம் வந்தான்.

"மாமா, இந்த வருசம் நீங்கதான் கதை சொல்லணும். ஒங்களுக்கு இங்கிலீசும் வரும், இஸ்டரியும் வரும்" என்றான். நான் குளிர்ந்துபோனேன். கிளம்பும்போது வாசலில் நின்று இன்னொன்றும் சொன்னான். "கப்பல் ஒடையிற எடத்துலேருந்து மட்டும் உபதேசியார் சொல்றாப்பலயே சொல்லிடுங்க மாமா. சனங்க அப்பிடியே கேட்டுப் பழகிட்டாங்க."

டிவிடி வாங்கி இரண்டு தடவை பார்த்து, குறிப்பெல்லாம் எடுத்தேன். படத்தில் மாலுமியின் கப்பல் புயலில் உடைகிறது. அவன் மூழ்கிச் சாகிறான், அதோடு சரி. கடைசிக் காட்சியில் ஒரு படகு கரைக்கு வருகிறது. அதிலிருந்து தாடி வைத்த ஓர் ஆள் இறங்கி நடக்கிறான். அவன் யாரோ ஒரு துணை நடிகன். மச்சான் சொன்னதைப் பார்த்தால், உபதேசியார் அவனைப் பிடித்துக்கொண்டு, மாலுமிதான் திரும்பி வந்துவிட்டான் என்று கதையை முடித்து வைத்திருக்கிறார். இந்தப் பொய்யை நான் ஏன் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன்.

அன்று வெளியே மூன்று மணி வெயில். உள்ளே ஜன்னலையெல்லாம் கறுப்புத் தார்ப்பாயால் மூடி, கும்மிருட்டாக வைத்திருந்தார்கள். காலைப் பூசையில் வாங்கிய குருத்தோலைகளை எல்லோரும் கையிலேயே வைத்திருந்தார்கள். இருட்டில் முகங்கள் தெரியவில்லை, ஓலைகளின் சரசரப்பு மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது.

முன்வரிசையில் நாற்பது வயதுப் பெண் ஒருத்தி தரையில் உட்கார்ந்திருந்தாள். நெற்றியில் பெரிய பொட்டு, கழுத்தில் புது மஞ்சள் கயிறு. திரை வெளிச்சத்தில் அவள் ஒருத்திதான் எனக்குத் தெளிவாகத் தெரிந்தாள். மூன்று வருடத்துக்கு முன் ஐப்பசிக் காற்றில் கடலுக்குப் போன அவள் புருஷன் திரும்பவில்லை. படகும் இல்லை, உடம்பும் இல்லை. காரியம் செய்து தாலியை வாங்கிவிட வேண்டும் என்று சொந்தக்காரர்கள் வருடா வருடம் கேட்கிறார்கள். அவள் வருடா வருடம் இந்தப் படத்தைப் பார்த்துவிட்டுப் போய், முடியாது என்கிறாள். அந்த வருடம் புருஷனின் அண்ணன் நாளே குறித்துவிட்டு, அவளுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருந்தார். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும். ஏன் என்று மச்சானிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பான். கேட்கவில்லை, அவ்வளவு மேதாவித்தனம்.

முதல் ஒரு மணி நேரம் வெளுத்து வாங்கினேன். கதாநாயகியின் கையில் அம்மைத் தடுப்பூசித் தழும்பு இருப்பதைக்கூடக் காட்டிக்கொடுத்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை. போகப் போக ஓலைச் சத்தமும் நின்றுபோனது. இத்தனை பேர் மூச்சுவிடுகிற இடம் இவ்வளவு அமைதியாக இருக்குமா என்று எனக்கே ஒரு மாதிரியாக இருந்தது.

கப்பல் உடைந்தது. அலை மாலுமியை மூடியது. நான் மைக்கில் சொன்னேன்: "அவன் செத்துட்டான். இனிமே இந்தப் படத்தில் அவன் வரமாட்டான்."

சொல்லி வாயை மூடவில்லை, கரண்ட் போய்விட்டது.

திரை, மைக், மின்விசிறி எல்லாம் ஒன்றாக நின்றன. என் கை எனக்கே தெரியாத இருட்டு. யாராவது எழுந்து தார்ப்பாயை விலக்குவார்கள் என்று காத்திருந்தேன். ஒருவரும் அசையவில்லை. அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு செருமல் கேட்டது. அது உபதேசியாரின் செருமல்.

"செத்துட்டான்னு நெனைக்காதீங்க. ஆங்."

ஒரு குரல்தான் ஆரம்பித்தது. அடுத்த வரிக்கு நாலைந்து குரல்கள் சேர்ந்தன. அப்புறம் கூடமே சேர்ந்துகொண்டது. ஆண், பெண், குழந்தை எல்லோரும் சத்தம் கூட்டாமல், ஒரே இடத்தில் நிறுத்தி, ஒரே இடத்தில் இழுத்து, "அதோ ஒரு பலக மெதந்து வருது. அதப் புடிச்சிக்கிட்டான். ஆங். காத்து அவன எந்தக் கரைக்கோ தள்ளிக்கிட்டுப் போவுது. பேரு தெரியாத ஊரு. அங்க அவனுக்குச் சோறு போடுறாங்க. ஆங்."

நூறு பேர் பேசினார்கள், ஆனால் கேட்டது ஒரு கிழவரின் குரல். செத்து நாலைந்து மாதமான மனிதர் எனக்கு நாலடி தள்ளி நின்று, நான் விட்ட இடத்திலிருந்து எடுத்துச் சொல்வது போலவே இருந்தது. பயந்தேன் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை.

கரண்ட் வந்தது. குரல்கள் பட்டென்று நின்றன. மச்சான் டிவிடியை ஓட்டி, விட்ட இடத்துக்குக் கொண்டுவந்தான். அதன் பிறகு நான் பேசவே இல்லை, படம் மட்டும் ஓடியது.

கடைசிக் காட்சி வந்தது. படகு, அலை, ஈர மணல். தாடிக்காரன் ஒரு காலைக் கீழே வைத்தான். முன்வரிசைப் பெண் திரையைப் பார்க்கவில்லை. கழுத்தைத் திருப்பி என்னைப் பார்த்தாள். கெஞ்சலும் இல்லை, கோபமும் இல்லை. அவள் பக்கத்திலிருந்த பெரியவரும் என்னைப் பார்த்தார். கூடத்தில் ஒருவர்கூட வாயைத் திறக்கவில்லை. இந்த ஒரு வரியை எனக்காக விட்டு வைத்திருந்தார்கள்.

தொண்டையைச் செருமினேன். வேண்டுமென்று செய்யவில்லை, தானாக வந்தது. ஸ்பீக்கரில் கேட்ட குரலும் என் குரல் மாதிரி இல்லை.

"இதோ, வந்துட்டான். தாடி வளந்துபோச்சு, அதான் அடையாளம் தெரியல. ஆங்."

ஓலைகள் சரசரத்தன. அந்தப் பெண் எழுந்து, சேலையை உதறிச் செருகிக்கொண்டு, பெரியவரிடம் "கேட்டுக்கினீங்க இல்ல?" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே வெயிலுக்குள் போனாள். குறித்த நாளில் காரியம் நடக்கவில்லை என்று பிறகு மச்சான் போனில் சொன்னான். அவள் யார் என்பதையும் அப்போதுதான் சொன்னான்.

நான் செய்தது சரியா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. அவளை இன்னும் எத்தனை வருடம் காத்திருக்க வைத்தேனோ. ஆனால் ஒன்றும் தெரியாமல், ஒருவரையும் கேட்காமல், மைக்கில் ஒருவனைச் சாகடித்தேனே, அது தப்பு என்பது மட்டும் நிச்சயம்.

இப்போதும் வருடத்துக்கு ஒருமுறை சிதம்பரத்தில் வீட்டில் அந்தப் படத்தைப் போடுகிறேன். மனைவியும் பக்கத்தில் வந்து உட்காருகிறாள். தப்புகள் எல்லாம் அப்படியேதான் இருக்கின்றன, நானும் ரசித்துத்தான் பார்க்கிறேன். அந்தத் தாடிக்காரன் வேறு ஆள் என்று எனக்கு நன்றாகவே தெரியும். ஆனாலும் அவன் கால் மணலில் படும்வரை நான் மூச்சுவிடுவதில்லை.